வரலாற்றுப் பாடம் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

இப்பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. தேர்வு முடிவுகள் மனநிறைவளிக்கின்றன. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் உற்சாகமாகப் பங்கேற்றனர். அனைவருக்கும் பாராட்டுகள்.

ஒன்பதாம் வகுப்பில், நாடுகள் தம் கடந்த காலத்தில் இழைத்த அநீதிகளைப் பற்றி நடைபெறும் பாடம் குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. முன்னோர் செய்ததற்கு எங்கள் பிள்ளைகள் ஏன் தலைகுனிய வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்டுள்ளீர்கள். நியாயமான கேள்வி. குற்றம், அதைச் செய்தவரையே சாரும். பிறக்காத பிள்ளையை அது சாராது. ஆயினும் ஒரு நாடு முந்தைய ஆட்சியின் கடனை அடுத்த ஆட்சியிலும் அடைப்பதுபோல, முன்பு இழைத்த தீங்கை ஒப்புக்கொண்டு இயன்றவரை சீர்செய்யும் கடமையும் அதற்குத் தொடர்கிறது. 1970 டிசம்பர் 7 அன்று போலந்தின் தலைநகர் வார்சாவில், கெட்டோ என்னும் பகுதியில் ஹிட்லரின் நாஜிகள் அடைத்துவைத்த யூதர்கள் நடத்திய எழுச்சியின் நினைவிடத்தின் முன் மண்டியிட்ட மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் (சான்சலர்) வில்லி பிராண்ட், நாஜிகளை எதிர்த்து நாட்டைவிட்டே வெளியேறி வாழ்ந்தவர். தாம் செய்யாத கொலைகளுக்காக அவர் மண்டியிட்டது, தம் நாட்டின் சார்பில். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்ததற்காக 1988-இல் அமெரிக்கா சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டதோடு, உயிருடன் இருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்க முடிவு செய்தது. போனதைப் பணம் மீட்டுத் தராது என்பது உண்மையே. வெறும் சொல்லோடு நிறுத்திக்கொள்ளாததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சென்ற வாரம் ஒரு மாணவர் தம் வகுப்புத் தோழியிடம், "உங்க ஆளுங்கதானே செஞ்சாங்க" என்றார். அந்தப் பிள்ளை அன்று மதியம் தனியே அமர்ந்து சாப்பிட்டது. ஆசிரியர் மறுநாள் பாட நேரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினார்.

எனவே சிலவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இப்பாடம் நீக்கப்படாது, இதிலிருந்து விலக்குக் கோரும் கடிதங்களும் ஏற்கப்படமாட்டா. முன்னோரைக் காட்டி எந்தப் பிள்ளையையும் பழிப்பதை இப்பள்ளி அனுமதிக்காது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியரை இழிவாக எழுதுவதும் உடனே நிற்க வேண்டும்.

மனக்குறையை நேரில் வந்து பகிர்ந்துகொண்ட பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. அடுத்த பருவத்தில் விரும்புவோர் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வந்து இவ்வகுப்பைப் பார்க்கலாம். ஆசிரியரும் நானும் உங்களோடு உட்கார்ந்து பேசக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்