ஊசி போட எதற்குப் பட்டம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் என் மகளிடம், "ஊசி போடத்தானே? அதற்கு எதற்குப் பட்டம்?" என்று கேட்டார் உறவினர் ஒருவர். அவள் கோபப்படவில்லை, ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். 5 மில்லியில் 500 மில்லிகிராம் மருந்து. நோயாளிக்கு வேண்டியது 25 மில்லிகிராம். அப்படியானால் 0.25 மில்லி. புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து ஏறிவிடும். இதோடு உடற்கூறியல், மருந்தியல், நுண்ணுயிரியல், மனநலம். அப்புறம் வார்டில் நின்றுகொண்டே பயிற்சி. கால்வலி பாடத்திட்டத்தில் இல்லை, அவ்வளவுதான்!

1860-இல், நவீன செவிலியர் பணியின் முன்னோடியான ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அந்தச் செய்தி எங்கள் உறவினருக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை