இருபத்திரண்டு பேரில் மூவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளி ஆசிரியர்களின் செயல்திறனை மாணவர்களின் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே அளக்க வேண்டும், ஊதிய உயர்வையும் அதனோடு இணைக்க வேண்டும், சங்கங்கள் இதற்கு முட்டுக்கட்டை போடக் கூடாது என்று தங்கள் தலையங்கம் சொல்லியிருந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன்.

கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஒரு வருடம் பத்தாம் வகுப்பில் 22 பேர். பொதுத்தேர்வுக்கு முதல் வாரம் ஒரு பையனுக்கு அம்மை போட்டது. வேப்பிலை வாசம் போகாத உடம்போடு வந்து எழுதினான், 35 வாங்கவில்லை. அந்த ஒருவனால் என் ‘செயல்திறன்’ நாலரை விழுக்காடு இறங்கியது. பக்கத்து நகரத்துப் பள்ளியில் 220 பேர் எழுதினார்கள். அங்கே ஒருவன் தவறினால் அரை விழுக்காடுகூடக் குறையாது.

அந்த வருடம் என் வகுப்பில் தவறியவர்கள் மூவர். இன்னொருத்தி செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்துப் பெண். தை பிறந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு சூளைக்குக் கிளம்பிவிடுவார்கள். பாட்டி வீட்டில் விட்டுப் போகச் சொல்லி அவள் அப்பாவிடம் இரண்டு முறை போய்ப் பேசினேன். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது அவளுக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாது. இரண்டு வருடம் மாலை வகுப்பில் உட்கார வைத்துப் பழக்கியதில், பொதுத்தேர்வில் 31 எடுத்தாள். என் பணிக்காலத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலைகளில் அந்த 31-ம் ஒன்று. பதிவேட்டில் அது தோல்வி.

முடிவு வந்ததும் மீளாய்வுக் கூட்டம் நடந்தது. தொண்ணூறுக்குக் கீழே இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்றார்கள். ஐம்பத்தாறு வயதில், நேற்று வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நடுவே, 86 விழுக்காட்டோடு எழுந்து நின்றேன். ஏன் குறைந்தது என்று வாயால் ஒருவரும் கேட்கவில்லை. எழுத்துமூலம் விளக்கம் தரச் சொன்னார்கள். நூறு விழுக்காடு காட்டியவர்களுக்குக் கைதட்டல். அவர்களில் உண்மையாகவே உழைத்தவர்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முடிவிலேயே பெற்றோரை அழைத்து, ‘இவன் தேற மாட்டான், டி.சி. வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதட்டும்’ என்று கழித்துக் கட்டியவர்களும் உண்டு. கைதட்டிய எங்களுக்கெல்லாம் அது தெரியும். ஊதிய உயர்வையும் இதில் கட்டிவிட்டால் எத்தனை டி.சி. கிழிக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது புதிய யோசனையும் அல்ல. 1862-இல், அப்போது கல்வித் துறைப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ இங்கிலாந்தில் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வாளர் முன்னால் குழந்தைகள் வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுக் காட்டுவதைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம். சென்னை மாகாணத்துக்கும் அந்தப் பழக்கம் வந்து சேர்ந்தது. பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டே இது கற்பித்தலை இயந்திரமாக்குகிறது என்று எதிர்த்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்து அதைக் கைகழுவிவிட்டது. நம் காலத்தில் அமெரிக்கா மறுபடி எடுத்துப் பார்த்தது. மாணவர்களின் மதிப்பெண்களில் காணும் ஏற்றத்தாழ்வில் 1 முதல் 14 விழுக்காடு வரைதான் ஆசிரியரால் வருவது என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக, அந்நாட்டுப் புள்ளியியல் சங்கம் 2014-இல் அறிக்கை விட்டது. மிச்சத்தில் வீடு, வறுமை, பள்ளி, என் கணக்கில் அம்மையும் சூளையும் அடங்கும். சிகாகோ ஆசிரியர் சங்கம் 2012-இல் ஏழு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்த மதிப்பீட்டு முறையும் ஒரு முக்கியக் காரணம்.

நம் ஊரில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் டெஸ்மா என்ற இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், நானும் ஒருவன். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் கொடுத்துத்தான் திரும்பி வந்தோம். வாசகத்தை அலுவலகத்திலேயே தட்டச்சு செய்து நகலெடுத்து வைத்திருந்தார்கள். ‘மண்ணிப்பு’ என்று இருந்தது. திருத்தினால் அதற்கும் ஒரு குறிப்பாணை வருமோ என்று அப்படியே கையெழுத்துப் போட்டேன்.

சங்கம் வைக்கும் உரிமை அரசமைப்பின் 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வேலைநிறுத்தமும் கூடாது, கலந்து பேசவும் கூடாது என்றால் அந்தச் சங்கம் எதற்கு? சந்தா ரசீது கிழிக்கவும், பணி நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்தவுமா? ஆசிரியர் தகுநிலை குறித்து யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 1966 அக்டோபர் 5 அன்று ஒரு பரிந்துரையை ஏற்கச் செய்தன. உலக ஆசிரியர் தினம் அந்த நாளில் வருவது அதனால்தான். ஆசிரியரின் பணியை மதிப்பிடுவதானால் அது நடுநிலையோடு இருக்க வேண்டும், முடிவை அவருக்குத் தெரிவிக்க வேண்டும், அநியாயம் என்று பட்டால் மேல்முறையீடு செய்ய அவருக்கு உரிமை வேண்டும் என்று அதில் இருக்கிறது. எழுந்து நிற்க வைக்க வேண்டும் என்று இல்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வட்டித் தொழில் பார்க்கப் போன ஓர் உறுப்பினருக்காகச் சங்கம் வரிந்து கட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க வருகைப் பதிவேடு போதும், தேர்ச்சி விழுக்காடு தேவையில்லை. சொல்லப் போனால் அவர் வகுப்பின் விழுக்காடு என்னுடையதைவிட அதிகம்.

அளக்கட்டும். ஆனால் ஒரு குழந்தை எந்த நிலையில் வந்தது, எந்த நிலையில் போகிறது என்று பார்த்து அளக்கட்டும். பாடம் தெரிந்த ஒருவர் ஆண்டில் நான்கு முறையாவது முழுப் பாடவேளையும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கட்டும். பார்த்ததை எழுதி, அதில் ஒரு படியை ஆசிரியர் கையில் கொடுக்கட்டும். விதிகளை வகுக்கும் குழுவில் சங்கத்துக்கும் இடம் இருக்கட்டும்.

தவறிய மூன்றாமவனைப் பற்றிச் சொல்லவில்லையே. நோய் இல்லை, வீட்டில் வறுமையும் இல்லை. வாய் திறக்காத பையன். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். நாளடைவில் நானும் கேட்பதை விட்டுவிட்டேன். தவறு என்னுடையது. யாராவது வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தால், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அதை என்னிடம் சொல்லியிருப்பார். எனக்கு வந்த குறிப்பாணையில் அவன் பெயரே இல்லை. 86 என்று மட்டும் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் (கணிதம்)