மறுப்பதென்றால் எழுத்தில் மறுக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தண்டனை பெற்றவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்னும் அமெரிக்கச் சட்டத்தை எதிர்த்து நடக்கும் வழக்குகளைப் பற்றி உங்கள் நாளிதழில் படித்தேன். அந்தியூருக்கு வடக்கே, பர்கூர் மலையடிவாரத்தில் குச்சிக்கிழங்கும் கடலையும் வைத்துப் பிழைக்கும் எனக்கு அது எங்கோ நடக்கிற சங்கதியாகப் படவில்லை.

அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டம். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றம் என்றால், மன்னிப்போ உரிமை மீட்போ கிடைத்தாலொழிய ஆயுளுக்கும் தடை. உண்மையில் என்ன தண்டனை விதித்தார்கள் என்று பார்ப்பதில்லை. பென்சில்வேனியாவில் ஒருவர், வருமானத்தைக் குறைத்துக் காட்டி அரசின் உணவு உதவி வாங்கிய குற்றத்தை 1995இல் ஒப்புக்கொண்டவர். சிறைத்தண்டனை இல்லை. ஆனாலும் தடை. துப்பாக்கிச் சட்டம் எதுவும் நாட்டின் பழைய மரபுக்குப் பொருந்த வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த மாநிலம் அடங்கிய மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இலும் 2024 டிசம்பரிலும் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் 2025இல் வேறொரு வழக்கில் தடை செல்லும் என்றது.

அமெரிக்காவில் இருப்பதைப் போல நம் அரசியலமைப்பில் துப்பாக்கி உரிமை இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் நமது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9ஆவது பிரிவு குற்றத்தையும் தண்டனையையும் பார்த்து அளக்கிறது. வன்முறையோ ஒழுக்கக்கேடோ கலந்த குற்றமாக இருக்க வேண்டும். சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருக்க வேண்டும். தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு வரை தடை. அந்தப் பென்சில்வேனியாக்காரர் இங்கே இருந்திருந்தால் இந்தப் பிரிவு அவரைத் தொட்டிருக்காது.

என் பெரியப்பாவைத் தொட்டது. அப்பாரு காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருந்தார். விளைகாட்டுக்குள் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். நில எல்லைப் பொழித் தகராறில் ஒருநாள் பங்காளியின் கையை மண்வெட்டிக் காம்பால் அடித்து முறித்துவிட்டார். ஆறு மாதம் சிறை. லைசென்ஸும் போயிற்று. போனது சரி என்றுதான் வீட்டில் நாங்கள் எல்லோரும் சொன்னோம். கோபத்தில் மண்வெட்டியை ஓங்கியவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. அந்தப் பங்காளிக்கு இன்றைக்கும் முழங்கை முழுசாக மடங்காது.

ஐந்து ஆண்டு முடிந்து, மேலும் ஓராண்டு கழித்து மனுப் போட்டார். இரண்டு வருடம் ஆகிறது. கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அலுவலகத்துக்குப் போனால், “கேஸ் ஆன ஆளுக்கெல்லாம் கிடைக்காதுங்க” என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புகிறார்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது 14ஆவது பிரிவு. பொதுநலன் தடுத்தாலொழிய, கேட்பவருக்கு அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். 18ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி விடுகிறது. உத்தரவே கைக்கு வராதவர் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்? சட்டம் போட்ட ஐந்து ஆண்டை ஆயுள் தடையாக்க அமெரிக்கா மாதிரி சட்டம்கூடத் தேவையில்லை, மனுவைக் கட்டுக்குள் செருகி வைத்தாலே போதும் என்றாகிவிட்டது.

அவருக்கு லைசென்ஸ் கொடுத்தே தீர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விசாரித்து, வேண்டாம் என்று பட்டால் மறுக்கட்டும். “தப்புப் பண்ணுனேன், இருந்துட்டு வந்தேன் சாமி. முடியாதுன்னா முடியாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுக்கச் சொல்லு” என்கிறார் பெரியப்பா. தேங்கிக் கிடக்கும் இப்படிப்பட்ட மனுக்களுக்கு ஒரு கெடு வைத்து உத்தரவு போட மாவட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
அந்தியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்.