கரிந்தியா ஸ்லோவேனியர் நூல்: அச்சுச் செலவுக்குக் கைகொடுங்கள்

நண்பர்களே, சுற்றிவளைக்காமல் கேட்டுவிடுகிறோம், பணம் வேண்டும். ஆஸ்திரியாவின் தென்கோடி மாநிலமான கரிந்தியாவில் வாழும் ஸ்லோவேனியச் சிறுபான்மையினரைப் பற்றி எங்கள் வாசகர் குழு 96 பக்கத்தில் ஒரு நூல் தயார் செய்திருக்கிறது. எழுத்து வேலை முடிந்தது, மெய்ப்பும் பார்த்தாயிற்று. அச்சகத்துக்குக் கொடுக்கத்தான் கையில் காசு இல்லை.

எங்கோ இருக்கும் ஒரு மலைநாட்டுச் சனங்களைப் பற்றித் தமிழில் எதற்குப் புத்தகம் என்று குழுவுக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. ஊர்ப் பலகை அத்தியாயத்தை வாசிக்கக் கொடுத்தோம், அப்புறம் கேட்கவில்லை.

1920 அக்டோபர் 10 அன்று நடந்த வாக்கெடுப்பில் தெற்குக் கரிந்தியா ஆஸ்திரியாவோடு இருக்க முடிவு செய்தது. ஆதரவு 59 சதவீதம்; அங்கே ஸ்லோவேனிய மொழி பேசுபவர்களே பெரும்பான்மை என்பதால், அவர்களிலும் கணிசமானவர்கள் நம்பித்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். 1942 ஏப்ரலில் நாஜிகள் அவர்களில் 900க்கும் மேற்பட்டவர்களைக் குடும்பம் குடும்பமாக வீட்டைவிட்டுக் கிளப்பி ஜெர்மனி முகாம்களுக்கு அனுப்பினார்கள். 1955இல் ஆஸ்திரியா மறுபடி சுதந்திர நாடானபோது கையெழுத்தான உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, ஜெர்மன் பேசுபவர்களும் ஸ்லோவேனியர்களும் கலந்து வாழும் பகுதிகளில் ஊர்ப் பெயர்ப் பலகைகள் இரு மொழியிலும் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தது. அதற்கான சட்டம் வரவே 1972 ஆகிவிட்டது. மொத்தம் 205 இடங்கள். நட்ட வேகத்தில் கும்பல்கள் வந்து பிடுங்கிப் போட்டன, பல இடங்களில் போலீஸ் நின்று வேடிக்கை பார்த்தது.

எங்களுக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதற்கடுத்து வருகிறது. ரூடி வோக் என்ற ஸ்லோவேனிய வக்கீல் 1994இல் ஸ்கோச்சியான் என்ற ஊருக்குள் வேகமாகக் கார் ஓட்டி அபராதம் வாங்கினார். ஊருக்குள் 50 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு ஊர்ப் பலகையிலிருந்துதான் தொடங்குகிறது, அந்தப் பலகையோ ஜெர்மனில் மட்டும் இருக்கிறது, ஆகவே அது செல்லாது என்று வழக்காடி அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். 2001 டிசம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மாநில ஆளுநராக இருந்த யோர்க் ஹைடர் அதற்கும் மசியவில்லை. 2006இல் பிளைபுர்க் ஊர்ப் பலகையைச் சில மீட்டர் தள்ளி நட்டார்கள், தீர்ப்பு பழைய இடத்துப் பலகைக்குத்தானே என்று! ஒருவழியாக 2011இல் 164 இடங்களுக்குச் சமரசம் ஆனது, 205 கேட்டவர்களுக்கு இது குறைவுதான்.

மாநிலத் தலைநகர் கிளாகன்ஃபுர்ட்டில் 1957இல் தொடங்கிய ஸ்லோவேனிய உயர்நிலைப் பள்ளி, 1851 முதல் நூல் போட்டுவரும் மொஹோரியேவா பதிப்பகம், ஃப்ளோரியான் லிபுஷ், மாயா ஹாடர்லாப் போன்ற எழுத்தாளர்கள் பற்றியும் அத்தியாயங்கள் உண்டு. 2001 கணக்கெடுப்பில் கரிந்தியாவில் இந்த மொழி பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 12,500 பேர்தான். இத்தாலியின் திரியெஸ்தே பகுதி ஸ்லோவேனியர்களையும் சேர்க்கச் சொல்லி ஒருவர் பிடிவாதம் பிடித்தார். பக்கம் ஏறினால் செலவும் ஏறும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்து வைத்திருக்கிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். 500 பிரதிக்கு அச்சும் தாளும் 38,000 ரூபாய், பக்க வடிவமைப்பும் வரைபடமும் 9,000, பழைய புகைப்படங்களுக்கான உரிமைத் தொகை 8,000, கூரியர் 7,000, ஆக மொத்தம் 62,000. குழுவில் உள்ளவர்கள் சேர்ந்து 20,000 போட்டுவிட்டோம், மீதி 42,000தான் உங்களிடம் கேட்பது. எழுதியவர்கள் யாருக்கும் சன்மானம் கிடையாது.

நூறு ரூபாய் கொடுத்தாலும் சந்தோஷம். 500க்கு மேல் தருபவர்களுக்கு ஒரு பிரதி வீட்டுக்கு வரும், நூலின் கடைசிப் பக்கத்தில் பெயரும் வரும், பெயர் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். குழுவில் உங்களுக்குத் தெரிந்த யாரையாவது தனிச் செய்தியில் கேட்டால் ஜிபே எண்ணோ வங்கிக் கணக்கோ அனுப்புவார்கள். பொதுவில் போட்டால் என்னென்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வரவு செலவை அச்சக ரசீதோடு எல்லோருக்கும் காட்டுவோம். மார்ச் கடைசிக்குள் தொகை சேர்ந்தால் 500, சேராவிட்டால் 300 பிரதியாகக் குறைத்துக்கொள்வோம், மிஞ்சினால் ஊர் நூலகங்களுக்குக் கூடுதல் பிரதி போடுவோம்.