புறவாசல் வேம்பு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய வீட்டு வரைபடம் பார்த்தோம். அடுக்களை பெரிதாக வருவதில் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் புறவாசல் வேம்பை எடுத்துவிட்டுச் சித்திரையிலேயே அஸ்திவாரம் தோண்டலாம் என்கிறாயே, அதற்குத்தான் எனக்கு மனசு வரவில்லை.

வேம்பில் இப்போது ஒன்பது கூடு இருக்கிறது. எல்லாம் மஞ்சள்மூக்கு நாரை. உச்சி வெயிலில் தாயோ தகப்பனோ ஒன்று இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நிற்கும். இரை தேடப் போனது திரும்பியதும் மற்றது கிளம்பும். சில நேரம் வாயில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள் மேல் விடும். திண்ணையில் உட்கார்ந்தால் எனக்குப் பொழுது போவதே தெரியாது.

கூந்தன்குளத்துக்காரன் என்று சொல்லிக்கொள்கிறாய். சின்ன வயதில் விடுதிக்குப் போனவன், இந்தக் குளத்தை நீ முழுசாகப் பார்த்ததில்லை. நாங்குநேரிப் பக்கம் வறண்ட பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையும் மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீரும்தான் நமக்குக் கதி. குளம் பெருகினால்தான் பறவை வரும், பறவை வந்த வருஷம் வெள்ளாமைக்குக் குறைவில்லை. அதனால்தான் பெரியவர்கள் அதுகளை ஊருக்கு வந்த அதிர்ஷ்டம் என்றார்கள். எச்சம் கலந்த தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாயும். கோடையில் குளம் வற்றியதும் அடியில் படிந்த கரம்பை மண்ணை அள்ளி வயலுக்கு அடிப்போம். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு என்று விவசாயம் படித்தவர்கள் இப்போது விளக்குகிறார்கள். உன் தாத்தா அதை நெற்கதிரைப் பார்த்தே தெரிந்துகொண்டவர்.

பக்கத்துக் குளத்தையும் சேர்த்து 129 ஹெக்டேரை 1994-இல் அரசு சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் நம் ஊர்ப் பெயர் வந்தது. நல்லதுதான். ஆனால் அதற்கு வெகு காலம் முன்னாலேயே இங்கே யாரும் கூட்டில் கை வைக்கமாட்டார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போட விடாததால் நீ அழுதது ஞாபகம் இருக்கிறதா? மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து நம் குளத்துக்கு வருகிறது என்று சொல்லித்தான் உன்னைச் சமாதானப்படுத்தினேன்.

குளத்துக்குள் இருக்கும் மரங்கள் போதாமல்தான் நாரைகள் வீட்டு மரங்களுக்கு வருகின்றன. மீன் நாற்றம் வீட்டுக்குள் அடிக்கும், காயப்போட்ட துணியெல்லாம் எச்சமாகும். உன் வீட்டுக்காரிக்கு முதலில் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை மறைத்து நான் எழுதவில்லை.

ஆனிக்குள் குஞ்சுகள் பறந்துவிடும். ஆடி கழியட்டும், ஆவணியில் நல்ல நாள் பார்த்துத் தொடங்குவோம். மரத்தை விட்டுவிட்டு அடுக்களையை முன்பக்கமாக நாலடி தள்ள முடியுமா என்று எஞ்சினியரிடம் கேட்டுச் சொல். கூடுதலாக ஆகும் செலவை நான் தருகிறேன்.

நேற்றுக் காற்றில் ஒரு குஞ்சு கீழே விழுந்துவிட்டது. அடி ஒன்றும் இல்லை. அம்மா சாளை வாங்கி, நறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா