மாலைக் கூட்டம் ஏழரைக்குள் முடியட்டும்

ஆசிரியருக்கு,

நெல்லையில் மென்பொருள் பயனர் குழு, அதாவது மென்பொருள் பயன்படுத்துவோர் கூடிக் கற்கும் கூட்டம், நடத்துவோருக்குச் சில யோசனைகள். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிள்ளைகள் பேருந்தைப் பிடிக்க வேண்டாமா? ஓர் உரைக்கு 25 நிமிடம், கேள்விக்குப் பத்து. இரண்டு உரைகளே போதும்.

உரையோடு வரும் செய்முறைப் பயிற்சிதான் பெரும்பாலும் சொதப்புகிறது. ஒரே கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் முப்பது மடிக்கணினிகளை இணைத்தால் அது திணறும். பல கைபேசிகள் பத்துக் கருவிகளுக்கு மேல் ஏற்பதே இல்லை. பைத்தான் என்ற நிரல்மொழிக்கான தொகுப்புகளை முன்கூட்டியே பென்டிரைவில் ஏற்றி வைத்து, இணையமின்றியே நிறுவச் செய்யலாம். கறுப்புத் திரையில் மெல்லிய எழுத்து, விளக்கு எரியும் அறையில் புரொஜெக்டரில் தெரியாது. வெள்ளைப் பின்னணியும் 24 புள்ளி அளவு எழுத்தும் வைக்கட்டும். மடிக்கணினியைப் புரொஜெக்டரோடு இணைக்க எச்டிஎம்ஐ கேபிளோடு டைப்-சி அடாப்டரும் வேண்டும். புது மடிக்கணினிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ துளையே கிடையாது.

அறிமுக நேரத்தைக் கடைசியில் வைத்தால் பாதிப்பேர் கிளம்பியிருப்பார்கள். இரு உரைகளுக்கு நடுவே, டீயோடு வையுங்கள். ஆளுக்கு அரை நிமிடம்: என்ன வேலை, என்ன தேடுகிறார், எதில் உதவ முடியும். இல்லாவிட்டால் மாணவர்கள் சுவரோரமே நிற்பார்கள். வேலைக்கு ஆள் தேடுபவர் தம் நண்பரோடு மட்டும் பேசிவிட்டுப் போவார்.

– வாசகர், பாளையங்கோட்டை