பெயர் போடாமல் ஒரு நன்றி மடல்

எனக்கு உதவிய எல்லோருக்கும்,

பெயர் சொல்லி நன்றி சொல்லத்தான் ஆசை. சொன்னால் என் மகன் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் வேண்டாம், படிக்கும்போது உங்களுக்கே புரியும்.

முதலில் மாடி வீட்டுத் தங்கச்சி. முதியோர் உதவி எண் 14567-ஐ அழுத்தி, "நீங்க பேசுங்க டீச்சர்" என்று போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றாள். எங்கள் தெருவில் ஒட்டுக் கேட்காத ஆள் அவள் ஒருத்திதான்.

அப்புறம், அந்த போனுக்குப் பிறகு வீடு தேடி வந்த ஆலோசகர் அம்மா. நீங்கள் வந்த அன்று என்னைக் கேட்டதற்கெல்லாம் மகனே பதில் சொன்னான். "அம்மாவுக்கு ஞாபக மறதி" என்றும் சொன்னான். "சரி சார், உங்களோடு தனியாகப் பேசுகிறேன், இப்போ அம்மாவோடு கொஞ்ச நேரம்" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினீர்கள். எடுத்த எடுப்பில் "அடிக்கிறார்களா" என்று கேட்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டேன், மாத்திரை யார் வாங்கித் தருகிறார்கள், பென்ஷன் யார் கையில் என்றுதான் கேட்டீர்கள். ஏடிஎம் கார்டு அவனிடம் இருப்பதும், வீட்டை எழுதிக் கொடுத்ததிலிருந்து இரண்டாவது முறை சோறு கேட்டால் ஏச்சு விழுவதும் அப்படித்தான் வெளியே வந்தன. மறதி இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

சொந்தக்காரர்கள் "பெற்ற பிள்ளைதானே, அனுசரித்துப் போ" என்றார்கள். நீங்கள் அதையும் சொல்லவில்லை, புகார் கொடு என்றும் நெருக்கவில்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டீர்கள். கார்டு வேண்டும், ஏச்சில்லாத சோறு வேண்டும், அவன் ஜெயிலுக்குப் போக வேண்டாம் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டீர்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு வாங்கிய சொத்தை 23-ஆம் பிரிவில் திரும்பக் கேட்கலாம் என்று விளக்கினீர்கள். என் செட்டில்மென்ட் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று விரல் வைத்து வரி வரியாகத் தேடினீர்கள். இருந்தது.

பாஸ்புக், ஆதார் நகல், ஒரு வாரத்து மாத்திரை எல்லாம் ஒரு துணிப்பையில் இப்போது மாடி வீட்டில் இருக்கின்றன. ராத்திரியில் நிலைமை முற்றினால் யாரைக் கூப்பிடுவது என்பதும் முடிவாகிவிட்டது.

என் சம்மதம் கேட்ட பிறகே மகனிடம் பேசினீர்கள். அவன் கடன் தொல்லையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதற்காக அம்மா பணத்தை எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். அதற்குத் தனி நன்றி.

வங்கியில் புது கார்டு போட்டு, எஸ்எம்எஸ் என் போனுக்கே வரும்படி மாற்றிக் கொடுத்த பெண்ணுக்கும் நன்றி.

மருமகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டு விஷயத்தில் மனு போடுவதா என்று நானும் முடிவெடுக்கவில்லை, நீங்களும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த முறை வரும்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மளிகை இப்போது என் காசில்தான்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை